'யாரோ ஒருவர்' வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

முதற்கண் மன்னிப்பு. அச்சில் வரும் எழுத்துகளைப் படித்துப் பழகியவளே தவிர, எழுதிப் பழகியவள் அல்லேன். பலமுறை தொடங்கி, அழித்து, அழித்தமைக்காகவும் வருந்தி, இதை எழுதத் துணிகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க. இல்லாவிடினும் பொறுத்தருள்க.

இந்தியத் திருநாட்டின் பாதுகாப்பு இரண்டு இடங்களில் நிலைபெற்றிருக்கிறது. இரண்டும் தாம்பரத்தில் இருப்பது எங்கள் ஊரின் பேறு. வானத்தைக் கிழக்கே உள்ள விமானப்படை நிலையத்தார் கவனித்துக்கொள்கிறார்கள். வானத்துக்குக் கீழே உள்ளவற்றை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இயங்கும் 'கோட்டை மென்பொருள் நிறுவனம்' கவனித்துக்கொள்கிறது. விமானப்படையினர் எதிரியை மட்டுமே தடுப்பார்கள். நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை. அனைவரையும் தடுப்போம்.

நான் அங்கே 'மொழிப் பொறுப்பாளர்'. முதுகலைத் தமிழ் படித்த பெண்ணுக்கு மென்பொருள் நிறுவனத்தில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கணினித் திரையில் சிறு பெட்டி ஒன்று தோன்றி, 'நீ யார், உன் கடவுச்சொல் என்ன' என்று கேட்கிறதல்லவா? அதற்கு உள்நுழைவுப் பெட்டி என்று பெயர். அது மரியாதையாகக் கேட்க வேண்டும் என்பதற்காக என்னை நியமித்திருக்கிறார்கள். "வணக்கம். தாங்கள் யார் என்பதைத் தயைகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறோம்" என்பது என் வாசகம். கடவுச்சொல் தவறானால், "தாங்கள் தாங்கள்தானா என்பதில் எங்களுக்குச் சிறிது ஐயம் உள்ளது" என்பதும் என்னுடையதே. அந்தச் 'சிறிது' என்ற சொல்லைச் சேர்க்க ஒரு முழு முற்பகல் ஆயிற்று.

நிறுவனர் திரு. ஏகநாதன் அவர்கள் தொலைநோக்கு உடையவர். கிட்டத்தில் இருப்பவை அவருக்குத் தெரியாததற்கு அதுவே காரணம். வெளிநாட்டு வங்கி ஒன்றின் கணினிகளுக்குள் கயவர் புகுந்துவிட்டனர் என்று செய்தித்தாளில் படித்த அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் அவரும், நிரலாளர் தினகரனும், நானும், வெங்காய சமோசாவும் இருந்தோம்.

"அந்த பேங்க்ல ஒரு நாளைக்கு எத்தன தடவ லாகின் கேப்பாங்க?" என்று ஏகநாதன் வினவினார்.

"காலைல வந்தவுடனே ஒரு தபா கேப்பாங்க சார்," என்றார் தினகரன். முடிச்சூரில் பிறந்தவர். தம் தாத்தாவின் நெல்வயல் இருந்த இடத்தில் எழும்பிய அடுக்ககத்திலேயே வாடகைக்கு இருப்பவர் என்பதால், வாழ்வில் எதற்கும் வியப்பதில்லை.

"பாத்தியா! ஒரே ஒரு தடவ! அதான் உள்ள பூந்துட்டான். இனிமே நம்ம சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி செஷன், தனி லாகின். ரெண்டு நிமிஷம் கைய எடுத்தா மறுபடியும் லாகின்."

"சார், யூசர் பேஜாராய்டுவான் சார்."

"தினகரன், யூசர்தான் நம்ம முதல் எதிரி."

இந்தப் பொன்மொழி சட்டமிடப்பட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டுள்ளது. வாடிக்கையாளர்கள் அதற்குக் கீழேதான் அமர்ந்து காத்திருப்பார்கள்.

'செஷன்' என்பதை 'அமர்வு' என்று மொழிபெயர்த்துவிட்டேனேயன்றி அதன் உட்பொருள் எனக்கு விளங்கவில்லை. தினகரனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அக்கா, தாம்பரத்துல பீச் ட்ரெயினு கெளம்பசொல்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போடுறோம்ல? கர்ச்சீப் கீற வரைக்கும் சீட்டு நம்மளுது. அதான் செஷன். டேட்டாபேஸ்ல நீ ஒரு எடத்த தொறந்துகினா, நீ மூடுற வரைக்கும் அது உன்னுது. வேற எவனும் கை வைக்க முடியாது. எறங்கசொல்ல கர்ச்சீப்ப எடுத்துக்கினு போய்டணும்."

"எடுக்காமல் இறங்கிவிட்டால்?"

"நம்ம ஊருல எவன் அக்கா கர்ச்சீப் மேல ஒக்காருவான்? பீச் வரைக்கும் கர்ச்சீப்புதான் ஒக்காந்துகினு போவும். ஜனம் தொங்கிக்கினு போவும்."

இத்தகைய பாதுகாப்புக்குப் பாத்திரமான முதல் நிறுவனம் 'ஷபீனா மஹால்' என்னும் திருமண மண்டபம். உரிமையாளர் ஹனீஃபா அவர்கள், மகள் பிறந்த ஆண்டில் கட்டி, மகளின் பெயரையே இட்ட மண்டபம். இப்போது ஷபீனாவே அதன் அலுவலகத்தில் அமர்ந்து முன்பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்த மண்டபத்துக்காக நாங்கள் உருவாக்கிய மென்பொருளின் பெயர் 'மணமேடைக் காவலன்'. பழைய டைரியில் தேதி குறிக்கும் வழக்கத்தைப் 'பாதுகாப்பு ஓட்டை' என்று விளக்கி ஏகநாதன் நிறுத்தச் செய்தார்.

ஷபீனா முதல் வாரமே தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நாற்காலி எத்தனன்னு பாக்க ஒரு பாஸ்வேர்டு, பாத்திரம் எத்தனன்னு பாக்க ஒரு பாஸ்வேர்டு. அண்டாவத் தெறந்தா நாற்காலி மூடிக்குது. எதுக்கு சார்?"

"அண்டாவுக்குப் பாதுகாப்பு வேணாமாம்மா?"

"அண்டாவ நாலு பேரு சேந்து தூக்கவே முடியாது சார். கம்ப்யூட்டர் வழியா எவன் தூக்குவான்?"

இக்கேள்வியின் ஆழத்தை ஏகநாதன் மிகவும் பாராட்டினார். பாராட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

ஷபீனாவோ நாளெல்லாம் கடவுச்சொல்லைத் தட்டித் தட்டி, தட்டும்போதே வாய்விட்டுச் சொல்லவும் பழகிவிட்டார். மண்டப வாசலில் பூ விற்கும் அஞ்சம்மாளுக்கு அது மனப்பாடம் ஆயிற்று. ஒருநாள் ஷபீனாவுக்கே மறந்துபோய்த் திகைத்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது: "இன்னா பாப்பா, முழிக்கிற? பெரிய பி போட்டு பிரியாணி, அப்பால ரெண்டு சைபர், அப்பால அந்தச் சுழிச்ச 'அ' மாதிரி ஒண்ணு கீதே, அது!" பாதுகாப்பு மக்கள்மயமானதை எண்ணி நாங்கள் பூரித்தோம்.

இனி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஷபீனாவுக்கும், ஷார்ஜாவில் பணிபுரியும் அசாருக்கும் நிக்காஹ் உறுதியாயிற்று. அசாருக்குக் கிடைத்த விடுப்பு சிறியது. தை மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் இரு குடும்பத்துக்கும் ஒத்துவந்தது. அன்றிரவே மாப்பிள்ளை விமானம் ஏறியாக வேண்டும். "நம்ம மஹால்தானே, அந்த நாளைப் போட்டுடும்மா," என்றார் ஹனீஃபா. ஷபீனா கடவுச்சொல்லைப் பாடி, நாட்காட்டியைத் திறந்து, அந்த ஞாயிற்றைச் சொடுக்கினார். பெட்டி தோன்றியது. அதன் வாசகமும் என்னுடையதே:

"பொறுத்தருள்க. இந்நாளை யாரோ ஒருவர் வைத்திருக்கிறார். அவர் விடுவித்ததும் தங்களுக்கு வழங்கப்படும்."

"யாரும்மா அது?" என்று ஹனீஃபா கேட்டார்.

"யாரோ ஒருவர்னு போட்டிருக்கு அத்தா."

"பேரு?"

"பேரும் இல்ல, அட்வான்சும் இல்ல. நான் யாருக்கும் குடுக்கவே இல்ல."

"குடுக்காமலா வச்சிருக்காரு? நான்தான் யாருக்காவது வாய்வார்த்தையா சொல்லியிருப்பேன். மறந்திருக்கும்."

இவ்விடத்தில் ஹனீஃபா அவர்களின் இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, கொடுத்த நாளைத் திரும்பப் பெறமாட்டார். பெருவெள்ளத்தின்போது முடிச்சூரிலிருந்து படகில் வந்தவர்களையெல்லாம் மண்டபத்தில் தங்கவைத்துவிட்டு, முன்பே நாள் கொடுத்திருந்த ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை அவர்களுக்கு நடுவிலேயே நடத்திக்கொடுத்தவர். வெள்ளத்தில் வந்தவர்கள் மொய் வைக்க வழியின்றிக் கைதட்டினார்களாம். மற்றொன்று, எந்த மதத்தார் விசேஷமானாலும், முதல் வண்டி வரும் வேளையில் அவரே வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வரவேற்பார். மேலாளரை நிறுத்தமாட்டார். "வீட்டுக்காரன் நிக்கணும்" என்பார்.

மறுநாள் தந்தையும் மகளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பல் மருத்துவமனைக்கும் எங்களுக்கும் படிக்கட்டு ஒன்றே. முகத்தில் வலியோடு ஏறிவருபவர் எந்தக் கதவுக்கு உரியவர் என்று கண்டுபிடிப்பது கடினம். எங்கள் கதவிலும் ஓர் உள்நுழைவுப் பெட்டி உண்டு. ஷபீனா விரைந்து தட்டி உள்ளே வந்துவிட்டார். ஹனீஃபா அவர்கள் தாம் தாம்தானா என்ற ஐயத்தில் வெளியே சிறிது நேரம் நிறுத்தப்பட்டார்.

அந்த இடைவெளியில் தினகரன் 'யாரோ ஒருவரை'த் தேடினார். திரையைப் பார்த்தவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"வெளியாளு இல்ல. நம்ம ஆபீஸ் மெஷின்தான். யூசர் பேரு..." என்று குரலைத் தாழ்த்தினார். "நம்ம சாரு."

நடந்தது இதுதான். ஐப்பசியில், சிட்லபாக்கத்து மண்டப உரிமையாளர் ஒருவருக்குச் செயல்விளக்கம் காட்டும்பொருட்டு ஏகநாதன் தம் மடிக்கணினியில் 'மணமேடைக் காவல'னைத் திறந்தார். மாதிரித் தரவுகள் உண்மையைப்போல் இல்லை என்பதால் ஷபீனா மஹாலின் உண்மையான நாட்காட்டியையே திறந்து, ஏதோ ஒரு ஞாயிற்றைச் சொடுக்கினார். விருந்தினரைக் காபிக்கு அழைத்துச் சென்றார். அதற்குள் என் பெட்டி எழுந்து "தாங்கள் யார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. பெட்டிக்குப் பின்னால் அமர்வு அறுபடாமல் இருந்தது. அமர்வு இருந்ததால் ஞாயிறும் அவரிடமே இருந்தது.

"அப்ப மூடுங்க அண்ணா," என்றார் ஷபீனா.

"மூட முடியாதும்மா," என்று ஏகநாதன் தம் அறையிலிருந்து வெளிப்பட்டார். அவர் கைகாட்டிய இடத்தில், கண்ணாடி அலமாரிக்குள் அந்த மடிக்கணினி ஒளிர்ந்துகொண்டிருந்தது. மூலைகளில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் அதற்கென்றே ஒரு யூ.பி.எஸ். "தென்புறநகர் மென்பொருளாளர் பேரவை 'இடையறா அமர்வு விருது' அறிவிச்சிருக்காங்க. ரொம்ப நாள் கட்டாகாம ஓடுற செஷனுக்கு. இத விட நீண்ட செஷன் தாம்பரத்துலயே கிடையாது. திங்கக்கிழம ஜட்ஜஸ் வர்றாங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிஷம் விட்டுடறேன்."

"சார், அதுக்கு மொத நாள் எனக்குக் கல்யாணம்."

"தெரியும்மா. வாழ்த்துகள்."

"வாழ்த்து வேணாம் சார். நாள் வேணும்."

"நீ கோவமா பேசுற. ஆனா யோசிச்சுப் பாரு. உன் கல்யாண நாள் எவ்வளவு பாதுகாப்பா இருக்கு! உலகத்துல ஒருத்தரும் அதத் தொட முடியாது."

"நானும் தொட முடியல சார்."

"அதான்மா பாதுகாப்பு."

அப்போது கதவு தம்மை ஏற்றுக்கொண்ட களிப்புடன் ஹனீஃபா உள்ளே வந்தார். ஏகநாதன் கைகூப்பினார்.

"சார், அந்த ஞாயித்துக்கிழமய யாரு வச்சிருக்காங்கன்னு..."

"நான்தான் பாய் வச்சிருக்கேன்."

"நீங்களா!"

"என் வாழ்க்கையிலயே முக்கியமான விஷயம் பாய். நீங்க மனசு வைக்கணும்."

ஹனீஃபா ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு ஏகநாதனின் கைகளைப் பற்றிக்கொண்டார். "வச்சது வச்சதுதான் சார். நீங்க கவலப்படாதீங்க. மகளுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்."

ஏகநாதனின் கண்கள் கலங்கின. மென்பொருளின் அருமையை இவ்வளவு உணர்ந்த வாடிக்கையாளரை அவர் கண்டதே இல்லை.

படிக்கட்டில் இறங்கும்போது தந்தைக்கும் மகளுக்கும் நடந்த வாக்குவாதம், பல்வலிக்காரர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

"அத்தா, அவரு ஒரு லேப்டாப்புக்காக நம்ம மஹால வச்சிருக்காரு! கண்ணாடி அலமாரியில சந்தனம் பூசி வச்சிருக்காரு!"

"பைத்தியமா உனக்கு? ஒரு மனுஷன் லேப்டாப்புக்காக மண்டபம் புடிப்பானா? வீட்ல ஏதோ விசேஷம். வெளிய சொல்லக் கூச்சப்படறாரு. கண்ணு கலங்குனதப் பாத்தல்ல?"

"அது விருதுக்காக அத்தா!"

"படிச்ச மனுஷன்மா அவரு. விருதுக்காக ஒரு பொண்ணோட கல்யாணத்த நிறுத்துவாரா? நல்லவங்களப் பத்தி இப்டிப் பேசாத."

 உண்மை நம்பத்தக்கதாக இல்லை.

தை மாத ஞாயிறாதலால் தாம்பரம் முதல் குரோம்பேட்டை வரை ஒரு மண்டபமும் காலியில்லை. சிட்லபாக்கத்தில் ஷபீனாவின் மாமா வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட முடிவாயிற்று. தாயார் பரிதா அவர்கள் அழைப்பிதழ்களில் 'ஷபீனா மஹால்' என்ற பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அதன்மேல் மாமாவின் முகவரியை எழுதினார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மகளின் பெயர் அடியில் தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல், ஏகநாதன் தலைமுடிக்குச் சாயம் பூசச் சென்றிருந்த வேளையில், ஷபீனா மீண்டும் வந்தார். தினகரன் முன் கைகூப்பி நின்றார்.

"அண்ணா, இப்ப விட்டாலும் ராவோட ராவா பந்தலப் பிரிச்சு மஹாலுக்கே மாத்திடுவோம். எதாவது பண்ணுங்க."

"லேப்டாப்பத் தொட்டா சாரு என்னைய வூட்டுக்கு அனுப்பிடுவாரு. சர்வர்லேர்ந்து அந்த செஷன மட்டும் கொன்னுடறேன். ஒரே ஒரு வரிதான்," என்று தினகரன் விசைப்பலகையில் விரல் வைத்தார். சர்வருக்குள் தலைமை நிர்வாகியாக நுழைய வேண்டும். முயன்றார். என் பெட்டி எழுந்தது:

"பொறுத்தருள்க. அமர்வுகள் அனைத்தும் நிறைந்துவிட்டன. எவரேனும் ஒருவர் எழுந்தால் தங்களை அமர்த்துவோம்."

அலுவலகத்தில் ஒவ்வொருவரும், மறுபடியும் கடவுச்சொல் தட்ட அஞ்சி, தத்தம் அமர்வை மூடாமல் நாட்கணக்கில் திறந்தபடியே வைத்திருப்பது வழக்கம். சிலர் விடுப்பில் செல்லும்போதும் திறந்துவைத்துவிட்டே செல்வர். "யாராச்சும் ஒருத்தர் மூடுங்கப்பா!" என்று தினகரன் கூவினார். கணக்குப் பிரிவின் தாவீது பெருந்தன்மையோடு முன்வந்து 'வெளியேறு' என்பதைச் சொடுக்கினார். என் பெட்டி எழுந்தது: "வெளியேறுபவர் தாங்கள்தானா? கடவுச்சொல்லைத் தயைகூர்ந்து தருக."

"மறந்துட்டேனே," என்றார் தாவீது. "நான் வெளிய போயே ரெண்டு மாசம் ஆச்சு."

அதற்குள் கருமை பளபளக்கும் தலையோடு ஏகநாதன் திரும்பிவிட்டார். நிகழ்ந்ததை அறிந்து நடுநடுங்கினார். "கொல்லப் பாத்தியா! தினகரன், நீயா!" உடனடியாகச் சுற்றறிக்கை வந்தது. அதன் தமிழ் மட்டும் என்னுடையது: "அமர்வுகளைக் கொல்லும் எண்ணம் கொள்வதும் இனிக் குற்றமாகக் கருதப்படும்."

ஷபீனா என்னிடம் வந்தார். அழவில்லை. "அக்கா, நாளைக்கு வந்துடுங்க. மாடிப்படி குறுகலா இருக்கும், பாத்து ஏறணும்," என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

ஞாயிறு விடிந்தது. சிட்லபாக்கத்து மாடியில் வாழைப்பழ நிறப் பந்தலின்கீழ், ஏரிக்காற்றில் தட்டுகள் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிரியாணி முட்டை வைத்திருந்தார்கள். அசார் வந்துவிட்டார். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் வந்துவிட்டார். இதை முடித்துவிட்டு அவருக்குப் பல்லாவரத்தில் மற்றொரு நிக்காஹ். வராதவர், பெண்ணின் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டிய தகப்பனார் ஒருவர்தான்.

ஷபீனா கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"அத்தா, எங்க இருக்கீங்க?"

"மஹால்லதாம்மா. அவங்க வண்டி இன்னும் வரல. மொத வண்டி வந்தவுடனே, பன்னீர் தெளிச்சு உள்ள அனுப்பிட்டு ஓடி வந்துடறேன்."

"யாரும் வரமாட்டாங்க அத்தா!"

"நாள் புடிச்சவங்க வராம இருப்பாங்களா? நல்ல காரியத்துக்கு வர்றவங்க வாசல்ல ஆளில்லாம நின்னா என்னம்மா நெனப்பாங்க? நீ கோச்சுக்காத, என் தங்கம்ல. இதோ."

ஷபீனா கைப்பேசியை என் கையில் கொடுத்தார். "அக்கா, நீங்க சொன்னா நம்புவாரு. போய்க் கூட்டிட்டு வந்துடுங்க." வாழ்நாளில் முதன்முறையாக, ஆட்டோவின் வாடகை கேளாமலேயே ஏறினேன்.

ஷபீனா மஹாலில் சீரியல் விளக்குகள் பகலிலேயே எரிந்தன. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. மேடையில் 'நல்வரவு'. பெயர் தெரியாததால் பெயருக்கான இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வாசலில் ஹனீஃபா, மகளின் திருமணத்துக்கென்று தைத்த புதுச் சட்டையில், பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். பக்கத்தில் அஞ்சம்மாள், கூடை நிறைய மல்லிகையோடு.

"நானும் காலைலேர்ந்து சொல்லிக்கினுகீறேன், கேக்கமாட்டேன்றாரு பாய்," என்றார் அஞ்சம்மாள்.

"ஐயா, தயவுசெய்து வாருங்கள். எங்கள் நிறுவனர் வரமாட்டார். அவர் வீட்டில் எந்த விசேஷமும் இல்லை," என்றேன்.

"அவரு வாயாலயே சொன்னாரேம்மா, வாழ்க்கையிலயே முக்கியமான விஷயம்னு."

"அவரை அழைத்துக் கேளுங்கள் ஐயா."

"கல்யாண வீட்டுக்காரர அவசரப்படுத்தக் கூடாதும்மா."

ஆகவே நானே அழைத்தேன். ஏகநாதன் முதல் மணியிலேயே எடுத்தார். மின்தடை ஏற்பட்டால் உடனே பார்த்துக்கொள்வதற்காக, அலமாரிக்கு அருகே பாய் விரித்துப் படுத்திருந்தார்.

"ஐயா, ஷபீனா மஹால் வாசலில் ஹனீஃபா ஐயா தங்களுக்காகக் காத்திருக்கிறார்."

"எனக்கா? எதுக்கு?"

"இந்த நாளைத் தாங்கள் வைத்திருப்பதால்."

"நாள் என்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு. அதுக்கு நான் எதுக்கும்மா அங்க வரணும்? மண்டபத்த வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. ஹனீஃபா அவர்கள் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சீரியல் விளக்குகளை ஒருமுறை பார்த்தார். "அப்ப யாரும் வரலியா," என்றார். என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ தாம்பரம் பாலத்தில் ஏறி, முகூர்த்த நாள் நெரிசலில் நின்றது. எங்களுக்கு முன்னால் யாருடைய மாப்பிள்ளை ஊர்வலமோ நகர்ந்தும் நகராமலும் சென்றது. ஹனீஃபா ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நிற்க முயன்று, தலையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பேசி ஒலித்தது. அவருடைய தம்பி. "அண்ணே, ஹஜ்ரத் கெளம்பணும்கறாரு. நீ சொல்லு, நான் உன் எடத்துல நின்னுடறேன்."

ஹனீஃபா தலையை வெளியே நீட்டி, நகராத ஊர்வலத்தைப் பார்த்தார். பிறகு, "நில்லுப்பா," என்றார்.

நாங்கள் குறுகலான படியேறியபோது பேரீச்சம்பழமும் சர்க்கரையும் பங்கிட்டு முடிந்திருந்தது. ஒரு சிறுமி வந்து, "தாத்தா, கல்யாணம் முடிஞ்சிடுச்சு," என்று சொல்லி, தட்டில் எஞ்சியிருந்த ஒரு பழத்தை அவரிடம் நீட்டினாள். ஷபீனா முக்காட்டை விலக்கிப் பார்த்தார். ஹனீஃபா பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சாப்புடுங்க அத்தா," என்றார் ஷபீனா. "அதுக்கு பாஸ்வேர்டு கேக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவர் பக்கமாகத் திரும்பி, ஏரியைப் பார்த்தபடி வெகுநேரம் மென்றார்.

திங்கட்கிழமை நடுவர்கள் வந்தார்கள். வியந்தார்கள். கையெழுத்திட்டார்கள். 'இடையறா அமர்வு விருது' எங்களுக்கே கிடைத்தது. ஏகநாதன் ஏற்புரையில், "இந்தச் சாதனைக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் ஒத்துழைப்பு இருக்கிறது" என்று பெயர் குறிப்பிடாமல் நன்றி கூறினார். தகவல் பாதுகாப்புக் கொள்கையின்படி பெயர் குறிப்பிடுவதில்லை. பின்னர் வாக்குத் தவறாமல் அந்த ஞாயிற்றை விடுவித்தார். ஷபீனா மஹாலின் கணினியில் என் பெட்டி எழுந்திருக்கும்: "மகிழ்ச்சி. தாங்கள் விரும்பிய நாள் இப்போது தங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது."

நிறைவாக, இந்நிகழ்வில் ஏற்பட்ட இழப்புகளை மிகையின்றிப் பதிவுசெய்து விடைபெறுகிறேன்.

ஷபீனா மஹாலில் ஷபீனாவின் திருமணம். ஒரு மகளின் நிக்காஹைத் தகப்பனார் கண்ணால் காண்பது. 'நான் சம்மதிக்கிறேன்' என்று அவர் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம். ஒரு கூடை மல்லிகை. ஒரு செம்புப் பன்னீர்.

தரவு இழப்பு ஏதுமில்லை. கடவுச்சொல் எதுவும் களவு போகவில்லை. திருடர் எவரும் உள்ளே நுழையவில்லை என்பதை நிறுவனத்தின் சார்பில் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நுழைந்திருந்தால், அவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டவர், முறைப்படி கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர்.